ஆற்றங்கரையைக் குத்தகைக்கு விட்டால் ஊர் பிழைக்குமா?

வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இரண்டு பக்கமும் மலை, நடுவே ஆறு, உள்ளே வர ஒரே சாலை. எட்டாயிரம் பேருக்குச் சற்றுக் குறைவாக வாழும் ஊர். பாதிக் குடும்பங்கள் நம்பியிருந்த மர அறுவை ஆலை மூடிப் பதினொரு வருடம் ஆகிறது. படித்து முடித்த பிள்ளைகள் ஊரில் நிற்பதில்லை. கடைத்தெருவில் மூன்றில் ஒரு கடை பூட்டிக் கிடக்கிறது. அப்பா விட்டுப்போன ஹார்டுவேர் கடையை நடத்திவரும் இவர், போன வருடம் நகர்மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்.

இப்போது வெளியூர் நிறுவனம் ஒன்று ஒரு திட்டத்தோடு வந்திருக்கிறது. ஆலையை ஒட்டிய ஆற்றங்கரைப் பொது நிலத்தை முப்பது வருடக் குத்தகைக்குக் கொடுத்து, பத்து வருடத்துக்குச் சொத்து வரியை விலக்கினால் போதுமாம். ரிசார்ட், ஜிப் லைன் (கம்பியில் தொங்கியபடி சறுக்கிப் போகும் விளையாட்டு), கண்ணாடிப் பாலம் எல்லாம் கட்டித் தருவார்களாம். 400 பேருக்கு வேலை, வருடத்துக்கு மூன்று லட்சம் பார்வையாளர்கள் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மன்றத்தில் பாதிப் பேர் இன்றைக்கே கையெழுத்துப் போடத் தயார். வாசகி தயங்குகிறார். தயங்குவதால் "ஊர் வளர்வது உனக்குப் பிடிக்கவில்லை" என்று சொந்தத் தம்பியே சொல்கிறாராம். அந்தத் தம்பி, பள்ளி ஆசிரியர் ஒருவரின் குடும்பம் வாடகைக்கு இருக்கும் தங்கள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி, சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் யோசனையில் இருக்கிறார். போதாக்குறைக்கு, குடும்பத்துக்குச் சொந்தமான மலைச்சரிவு நிலத்தின் வழியாகத்தான் ஊர்க்காரர்கள் தலைமுறையாக மேலே நடந்து போகிறார்கள். கூட்டம் பெருகி யாராவது விழுந்து அடிபட்டால் தன் தலையில் விடியுமா என்ற பயமும் இருக்கிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான்கு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: ஊரின் பிழைப்பு, ஆற்றங்கரை, உங்கள் நிலம், உங்கள் தம்பி. பிரித்துப் பேசலாம். ஆனால் கடைசியில் நான்கும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் எதிர்பார்ப்பு ஒன்றைக் கொஞ்சம் திருத்த வேண்டும். "ஆலை போன இடத்தைச் சுற்றுலா நிரப்புமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியே நிரப்பாது. ஆலை வேலை வருடம் முழுக்க இருந்தது, ஒரு சம்பளத்தில் ஒரு குடும்பம் நடந்தது. பொழுதுபோக்குத் தொழிலில் பெரும்பாலான வேலைகள் பருவகால வேலைகள், சம்பளமும் குறைவு. இதைச் சொன்னால் "அப்படியானால் எதற்கு இந்த வம்பு?" என்று உங்கள் மன்றத்தில் யாராவது கேட்பார்கள். மலையும் ஆறும் தரும் பெரிய லாபம் பெரும்பாலும் டிக்கெட் கவுண்டரில் விழுவதில்லை. வேலையைக் கையோடு கொண்டுவரக்கூடிய ஒரு மருத்துவர், ஒரு மென்பொருள்காரர், ஒரு சின்னத் தொழிற்கூடம் வைக்க நினைப்பவர் "இந்த ஊரில் வாழலாம்" என்று முடிவெடுப்பதில்தான் அது இருக்கிறது. ஊரை விட்டுப் போன பிள்ளைகளில் நான்கு பேர் திரும்பி வருவதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

அந்த நிறுவனத்தின் படக்காட்சியில் அமெரிக்காவின் வெளிப்புறப் பொழுதுபோக்குப் பொருளாதாரம் பற்றிய எண்களும் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்கள் பொய்யில்லை. அந்த நாட்டு அரசின் பொருளாதாரப் பகுப்பாய்வு அமைப்பே தனியாகக் கணக்கெடுத்து வெளியிடுகிறது: 2023-ல் சுமார் 640 பில்லியன் டாலர், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம், ஐம்பது லட்சம் வேலைகள். ஆனால் அதற்குள் படகு செய்யும் தொழிற்சாலை, உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வீட்டு வண்டிகளின் விற்பனை, கூடாரமும் காலணியும் விற்கும் கடை எல்லாம் அடக்கம். அவற்றில் எவ்வளவு உங்கள் பள்ளத்தாக்குக்குள் நடக்கும்? தேசக் கணக்கைக் காட்டி ஊர்க் கையெழுத்து வாங்குவது பழைய வித்தை.

தலையை எண்ணாமல் தங்குவதை எண்ணுங்கள்

மூன்று லட்சம் பேர் வருவார்கள் என்கிறார்கள். சரி, வரட்டும். வந்தவர்களின் பணம் எங்கே போகிறது?

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் வார இறுதிக்கு வந்து 100 செலவழிக்கிறது என்று வையுங்கள். அறையை இணையத்தில் பதிவு செய்கிறார்கள். அதில் ஒரு பங்கு பதிவுத் தளத்துக்குப் போகிறது. ரிசார்ட்டின் லாபம் தலைமையகத்துக்கு. விரிப்பு, சோப்பு, சமையல் பொருள் எல்லாம் நகரத்துக் கிடங்கிலிருந்து லாரியில் வருகின்றன. மேலாளரும் வெளியூர். ஊரில் நிற்பது துப்புரவு, காவல், தோட்டவேலைக்கான சம்பளம்தான். 100-ல் ஒரு 15 தங்கினால் பெரிது. அதே குடும்பம் உள்ளூர்க்காரர் நடத்தும் எட்டு அறை விடுதியில் தங்கி, உங்கள் ஊர்ப் பையனையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, சைக்கிள் செயின் அறுந்தால் உங்கள் கடைத்தெருவில் சரி செய்துகொண்டால் பாதியாவது உள்ளே நிற்கும். அந்தப் பாதியும் ஒருமுறையோடு முடிவதில்லை. விடுதிக்காரர் கூரை மாற்ற ஆணியும் தகரமும் வாங்க உங்கள் கடைக்குத்தானே வருவார்? ஊர்களுக்குச் சுற்றுலாத் திட்டம் எழுதும் எங்கள் தொழிலில் இந்த இழப்பை ஒழுகல் என்போம். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் ஊற்றினாலும் நிரம்பாது. முதலில் ஓட்டையைப் பார்க்க வேண்டும்.

அதனால் மன்றத்தில் 400 வேலை என்ற எண்ணை அப்படியே விழுங்காதீர்கள். அதில் கட்டுமானக் கால வேலை எத்தனை, திறந்த பிறகு நிற்பது எத்தனை, வருடம் முழுக்க எத்தனை, உள்ளூர்க்காரருக்கு எத்தனை, சம்பளம் என்ன, அந்த 400 பேரும் எந்த வீட்டில் குடியிருப்பார்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அறை அமைதியாகிவிடும். எனக்கு அனுபவம் உண்டு.

கண்ணாடிப் பாலம் பற்றியும் ஒரு வார்த்தை. சீனாவின் ஜாங்ஜியாஜியேவில் 2016 ஆகஸ்டில் திறந்த பிரபலமான பாலத்தை, கூட்டம் தாங்காமல் 13 நாளிலேயே தற்காலிகமாக மூட வேண்டி வந்தது. அதன் பிறகு அதே நாட்டில் ஊருக்கு ஊர் கண்ணாடிப் பாலம் முளைத்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கு நாளைக்கே இதைவிட நீளமாக ஒன்று கட்டிவிடலாம். உங்கள் ஆற்றின் வளைவை யாராலும் நகலெடுக்க முடியாது. எதை நம்பி முப்பது வருடம் எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று யோசியுங்கள்.

இந்த வழியில் முன்பே போன ஊர்கள்

உங்கள் நிலைமையில் இருந்த ஊர்கள் நிறைய உண்டு. சிலவற்றைச் சொல்கிறேன். எதுவும் உங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தாது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கொலராடோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் மோவாப், 1950-களில் யுரேனியத்தால் கொழித்த ஊர். யுரேனிய ஆலை 1984-ல் நின்றது, ஊர் படுத்தது. 1969-ல் மோட்டார் சைக்கிள்களுக்காக வெறும் பாறை மேல் குறியிட்ட ஒரு பாதை, எண்பதுகளில் மலைச் சைக்கிள்காரர்கள் கண்ணில் பட்டது. ஊர் எழுந்தது. இதுவரை நல்ல கதை. ஊரை ஒட்டியிருக்கும் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்கு 2021-ல் பதினெட்டு லட்சம் பேர் வந்தார்கள். மோவாபின் மக்கள்தொகை ஐயாயிரத்துச் சொச்சம்தான். 2019-ல் ஊரும் மாவட்டமும் சேர்ந்து புது ஓட்டல்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்தன. 2022-ல் பூங்காவுக்கே நேர முன்பதிவு கொண்டுவர வேண்டி வந்தது. அறை துடைப்பவரும் சமைப்பவரும் குடியிருக்க வீடு கிடைக்காமல் திண்டாடும் ஊர் என்று இன்று அதற்குப் பெயர்.

பக்கத்துக் கொலராடோ மாநிலத்தின் ஃப்ரூட்டா ஊர் வேறு மாதிரி. பாறையிலிருந்து எண்ணெய் எடுக்கும் திட்டத்தை நம்பியிருந்த அந்தப் பள்ளத்தாக்கில், 1982 மே 2 அன்று எக்ஸான் நிறுவனம் ஒரே அறிவிப்பில் திட்டத்தைக் கைவிட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். அங்கே அதைக் கறுப்பு ஞாயிறு என்றே சொல்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில் உள்ளூர் சைக்கிள்காரர்கள் ஊருக்கு வெளியே இருந்த அரசு நிலத்தில் ஒற்றையடிப் பாதைகளைப் போட ஆரம்பித்தார்கள், 1996-ல் ஒரு சைக்கிள் திருவிழா தொடங்கினார்கள். இன்று உலகம் முழுக்கச் சைக்கிள்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். அந்தப் பாதைகள் இன்னமும் பொது நிலத்தில்தான் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நியூசிலாந்தின் ஒடாகோ. ரயில் நின்றுபோன தடத்தில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, 152 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதையாக்கி 2000-ல் திறந்தார்கள். ஒரே நாளில் முடிக்க முடியாது. மூன்று நாள், நான்கு நாள் ஆகும். வழியில் இருக்கும் சின்னச் சின்ன ஊர்களில் இரவு தங்கியாக வேண்டும். அந்தப் பாதையில் யாரையும் வியக்க வைக்கும் கண்ணாடி எதுவும் இல்லை. சரிவும் மெதுவானது, வயதானவர்களும் ஓட்டலாம். அதனால்தான் பல ஊர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம் போய்ச் சேருகிறது.

எதிர்ப்பக்கத்துக் கதையும் உண்டு. வர்ஜீனியாவில் டமாஸ்கஸ் என்று ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். அதுவும் பழைய ரயில் தடத்தைப் பாதையாக்கிப் பிழைத்த ஊர். வண்டியில் சைக்கிளோடு மலை மேலே கொண்டுபோய் விடுவார்கள், அங்கிருந்து ஊருக்குச் சறுக்கிக்கொண்டே இறங்கலாம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின் வெள்ளம், ஊருக்கு மேலே இருந்த அந்தப் பாதையையும் மரப்பாலங்களையும் அடித்துக்கொண்டு போனது. சைக்கிள் வாடகைக் கடைகள் எல்லாம் அந்த ஒரே இறக்கத்தை நம்பியிருந்தவை. ஓர் ஆலையை நம்பியிருந்த ஊர் ஒரே பாதையை நம்பும் ஊராக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. நீங்களும் ஆற்றோரம் என்பதை மறக்க வேண்டாம்.

ஆற்றங்கரையைப் பற்றி என் கருத்து

நேராகவே சொல்கிறேன். முப்பது வருடக் குத்தகையில் ஆற்றங்கரை முழுவதையும் ஒரே கையில் கொடுக்காதீர்கள். ஒப்பந்தம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தக் கருத்து மாறாது. பள்ளத்தாக்கு ஊரில் சமமான நிலம் கொஞ்சம்தான் இருக்கும். அதில் ஆற்றை ஒட்டிய பொது நிலம் ஊருக்கு ஒரே ஒருமுறைதான் கிடைக்கும். ஆலைக்காரர்கள் இருந்தபோது கரையில் இறங்க முடியாமல் இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இப்போதுதான் பிள்ளைகள் அங்கே விளையாடுகிறார்கள்.

அதற்காக அந்த நிறுவனத்தைத் துரத்தவும் சொல்லவில்லை. முதலீடு செய்ய ஒருவர் வருவது சின்ன ஊருக்கு அடிக்கடி நடக்கிற விஷயமில்லை. பேரம் பேசுங்கள். பழைய ஆலை வளாகத்தைக் கட்டடத்துக்குக் கொடுக்கலாம். அங்கே மண்ணில் ரசாயனக் கழிவு இருக்கிறதா என்று சோதிப்பதும், இருந்தால் சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்பதும் முதலில் எழுத்தில் வர வேண்டும். ஆற்றின் ஓரமாகக் குறிப்பிட்ட அகலத்துக்கு ஒரு பட்டை, எந்தக் காலத்திலும் யாரும் வேலி போட முடியாதபடி பொதுப் பாதையாகப் பதிவு செய்யப்பட வேண்டும். கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷனில் யுரேனிய ஆலைக் கழிவு கிடந்த ஆற்றங்கரையே இன்று பொதுப் பூங்கா. ஆலை நிலத்துக்கு அப்படி ஒரு மறுவாழ்வு நடக்கக்கூடியதுதான்.

குத்தகை எழுதும்போது உங்கள் நகராட்சி வழக்கறிஞரிடம் சில விஷயங்களை வற்புறுத்திக் கேளுங்கள். இத்தனை மாதத்துக்குள் இவ்வளவு கட்டி முடிக்கவில்லை என்றால் நிலம் தானாகவே நகராட்சிக்குத் திரும்ப வேண்டும். நிறுவனம் குத்தகையை இன்னொருவருக்குக் கைமாற்ற வேண்டுமானால் மன்றத்தின் சம்மதம் வேண்டும். இது இல்லாவிட்டால் மூன்றாவது வருடம் நீங்கள் பார்த்தே இராத ஒருவர் வந்து நிற்பார். திட்டம் தோற்றுப்போனால் ஜிப் லைன் கம்பங்களையும் பாலத்தையும் கழற்றும் செலவுக்கு முன்கூட்டியே வங்கி உத்தரவாதம் வாங்க வேண்டும். துருப்பிடித்த கம்பிகள் தொங்கும் மலைச்சரிவைவிட வெறும் மலைச்சரிவு எவ்வளவோ மேல். வரி விலக்கு தரத்தான் வேண்டும் என்றால், வருடம் முழுக்க நிற்கும் உள்ளூர் வேலைகளின் எண்ணிக்கையோடு அதைக் கட்டிப் போடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் விலக்கும் குறைய வேண்டும்.

அப்புறம் சாக்கடை. சிரிக்காதீர்கள். உங்கள் கழிவுநீர் நிலையம் எட்டாயிரம் பேருக்காகக் கட்டியது. விடுமுறை நாளில் பன்னிரண்டாயிரம் பேர் ஊரில் இருந்தால் அந்தக் கழிவு எங்கே போகும்? அதே ஆற்றுக்குத்தான். ஒரே சாலை உள்ள பள்ளத்தாக்கில் காட்டுத்தீ வந்தால் இத்தனை வண்டிகளும் ஒரே நேரத்தில் எப்படி வெளியேறும்? தீ எங்கோ தொலைவில் எரிந்தால்கூட, குளிர்ந்த காற்று கீழே தங்கி மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும் நாட்களில் புகை உங்கள் பள்ளத்தாக்கை விட்டு நகராது. நடுப் பருவத்தில் இரண்டு வாரம் அப்படிப் போனால் வருமானம் என்ன ஆகும்? இவற்றுக்குப் பதில் இல்லாத திட்டம் படம் மட்டும்தான்.

இதில் எனக்கே ஒரு சூடு உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சின்ன ஊருக்கு மலை உச்சியில் காட்சி மேடை கட்டத் திட்டம் எழுதிக் கொடுத்தேன். வரைபடம் பிரமாதமாக வந்தது. கழிப்பறை பற்றி அதில் ஒரு வரி இல்லை. முதல் விடுமுறைப் பருவம் முடிந்ததும், மேடைக்குக் கீழே தோட்டம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போய்க் காட்டினார். எதுவும் திட்டவில்லை. ஒரு மண்வெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

உங்கள் நிலத்து வழியாகப் போகும் பாதை

இதில் நீங்கள் இரண்டு தப்பெண்ணங்கள் வைத்திருக்கிறீர்கள். யாராவது விழுந்தால் கட்டாயம் நீங்கள்தான் பொறுப்பு என்பது ஒன்று. கட்டணம் வசூலித்தால் அந்தப் பணத்தைக் கொண்டு ஆபத்தைச் சமாளித்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று.

இது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும், பொதுமக்களை இலவசமாக நடக்க விடும் நில உரிமையாளரின் பொறுப்பைக் குறைக்கும் சட்டம் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. மிச்சிகன் 1953-லேயே ஆரம்பித்தது. ஆனால் கட்டணம் வாங்க ஆரம்பித்தால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடும். இலவசமாக வந்தவர் விருந்தாளி, காசு கொடுத்தவர் வாடிக்கையாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தில் விபத்துக் காயங்களுக்கு அரசின் இழப்பீட்டுத் திட்டம் இருப்பதால் காயத்துக்காக இழப்பீடு கேட்டு வழக்குப் போடும் வழியே பெரும்பாலும் இல்லை. ஸ்காட்லாந்தில் 2003-ம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் வரை யாரும் பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம், தடுக்க நிலக்காரருக்கே உரிமை இல்லை. உங்கள் ஊரில் எது செல்லும் என்பதை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் நேரில் கேட்பதுதான் ஒரே வழி. பெரும்பாலான இடங்களில் ஒரு விஷயம் பொது: தெரிந்தே மறைத்து வைத்த ஆபத்துக்கு யாரும் தப்ப முடியாது. மூடாத பழைய கிணறு இருந்தால் இன்றைக்கே மூடுங்கள்.

இன்னொன்று, தலைமுறையாக நடக்கிறார்கள் என்கிறீர்கள். அது ஏற்கெனவே உரிமையாக மாறியிருக்கலாம். இங்கிலாந்தில் 20 வருடம் தடையில்லாமல் பொதுமக்கள் பயன்படுத்திய பாதை, பொதுப் பாதை என்றே கருதப்படும். அப்படி ஒரு சட்டம் உங்களுக்கும் இருந்தால், திடீரென்று வேலி போடுவது வழக்கைத்தான் கொண்டுவரும். நீங்களே முந்திக்கொண்டு நகராட்சியோடு ஒரு பாதை ஒப்பந்தம் எழுதிக்கொள்வது நல்லது. பராமரிப்பும் காப்பீடும் நகராட்சியின் பொறுப்பு, பாதையின் அகலம் இவ்வளவு, வண்டி கூடாது, நிலம் உங்களுடையது. இப்படி எழுதினால் இரண்டு பக்கத்துக்கும் தூக்கம் வரும்.

பாதை எப்படிப் போகிறது என்பதையும் பாருங்கள். மழை நின்ற மறுநாள் காலையில் நீங்களே ஏறிப் பாருங்கள். சரிவுக்கு நேராக, தண்ணீர் இறங்குகிற திசையிலேயே பாதை இறங்கினால் நடுவில் வாய்க்கால்போல் அரித்திருக்கும். வேர்கள் வெளியே தெரியும். நடப்பவர்கள் அதைத் தவிர்த்து ஓரமாக நடந்து நடந்து பாதை மூன்று மடங்கு அகலமாகியிருக்கும். பாதை போடுபவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பாதையின் ஏற்றம், அது குறுக்கே போகும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது, சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்துவிட்டால் தண்ணீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே வழிந்து போய்விடும். ஆண்டுக்கு நூறு பேர் நடந்தபோது தாங்கிய பாதை பத்தாயிரம் பேருக்குத் தாங்காது. இதைச் சரி செய்த பிறகு விளம்பரம் செய்யுங்கள்.

வாக்களிக்கலாமா?

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ரிசார்ட் வந்தால் உங்கள் மலைச்சரிவு நிலத்தின் மதிப்பு ஏறும். உங்கள் கடைக்கும் வியாபாரம் கூடும். அதாவது இந்த முடிவில் உங்களுக்குச் சொந்த நலன் இருக்கிறது. "நான் எதிர்க்கத்தானே செய்கிறேன், அதில் என்ன நலன்?" என்று நினைக்கலாம். எந்தப் பக்கம் பேசுகிறீர்கள் என்பது கணக்கில்லை. அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக இதைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வாக்களிப்பதிலிருந்து விலக வேண்டுமா என்று நகராட்சி வழக்கறிஞரிடம் எழுத்தில் கேளுங்கள். விலக நேர்ந்தாலும், கேள்விகளைப் பொதுமக்கள் கூட்டத்தில் வைக்க வழி இருக்கும். பிற்பாடு தெரியவந்தால் உங்கள் நியாயமான தயக்கம் எல்லாம் கொச்சையாகிவிடும்.

தம்பியின் வீடு

உங்கள் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். நாள் வாடகையில் மாத வாடகையைவிட இரண்டு மூன்று மடங்கு வரும் என்று யாரோ கணக்குச் சொல்லியிருப்பார்கள். நல்ல பருவத்தில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் விரிப்பு மாற்ற ஆள், பதிவுத் தளத்தின் பங்கு, காலியாகக் கிடக்கும் மாதங்கள், உடைந்த பொருட்கள் எல்லாம் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று அவரும் ஒரு வருடக் கணக்கு எழுதிப் பார்க்கட்டும்.

ஊர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. ஆசிரியர் குடும்பம் வெளியேறினால் போவது ஒரு வாடகைதாரர் மட்டும் இல்லை. பள்ளியில் ஒரு வாத்தியார், அவர் பிள்ளைகள் என்றால் வகுப்பில் இரண்டு பெயர், கடைத்தெருவில் வருடம் முழுக்க வாங்கும் ஒரு குடும்பம். இப்படி ஐம்பது வீடு மாறினால் நீங்கள் காப்பாற்ற நினைத்த ஊர் வார இறுதியில் மட்டும் விளக்கு எரியும் ஊராகிவிடும். கனடாவின் விஸ்லர் மலை ஊர் இதை முன்கூட்டியே உணர்ந்து, 1997-ல் தனி வீட்டு வசதி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. ஊரில் வேலை பார்ப்பவர்களில் குறைந்தது 75 சதவீதம் பேர் ஊருக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. உங்கள் மன்றம் அவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டியதில்லை. நாள் வாடகை வீடுகளுக்கு உரிமம் கட்டாயம், மொத்த எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு, உரிமையாளர் அதே வீட்டில் குடியிருந்துகொண்டு ஓர் அறையை விட்டால் சலுகை என்று மூன்று விதி போதும். ஆனால் இதை இப்போதே செய்ய வேண்டும். நூறு வீடு மாறிய பிறகு விதி கொண்டுவந்தால் நூறு பேர் நீதிமன்றம் போவார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இதில் இருக்கிறார் என்பதால், இந்த விதியை முன்மொழியும்போதும் அதைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது

கையெழுத்தை ஆறு மாதம் தள்ளி வையுங்கள். அந்த ஆறு மாதத்தில் செலவில்லாமல் நிறையத் தெரிந்துகொள்ளலாம். நல்ல வெயில் அடிக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, உங்கள் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். எத்தனை வண்டி வருகிறது, எத்தனை பேர் ஊர்க்காரர், வெளியூர்க்காரர் எங்கிருந்து வருகிறார்கள், இரவு தங்கினார்களா, தங்கவில்லை என்றால் ஏன். நான்கு ஞாயிறு இப்படி எழுதினால், நிறுவனத்தின் மூன்று லட்சத்தைவிட நம்பக்கூடிய எண் உங்கள் கையில் இருக்கும். பள்ளிப் பிள்ளைகளை இதில் சேர்த்துக்கொண்டால் அவர்களும் ஆர்வமாகச் செய்வார்கள்.

கூடவே ஆற்றோரமாக ஒரு கிலோமீட்டர், சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகக்கூடிய ஒரு பாதையை நகராட்சியே போடட்டும். பெரிய செலவில்லை. இரண்டு கழிப்பறை, இரண்டு பெஞ்சு. உள்ளூர்க்காரர்கள் மாலையில் நடக்காத பாதைக்கு வெளியூர்க்காரர் வரமாட்டார். அவர்கள் நடக்கிற பாதை என்றால், யாரும் வராத வருடத்திலும் ஊருக்கு நட்டம் இல்லை. அந்த நிறுவனம் ஆறு மாதம் காத்திருக்க முடியாது என்று மிரட்டினால், முப்பது வருடம் உங்களோடு இருக்கப்போகிறவர் ஆறு மாதத்துக்கு ஏன் அவசரப்படுகிறார் என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

ஆசிரியர் குடும்பத்தின் வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. மற்றதெல்லாம் கூட்டத்துக்குக் கூட்டம் தள்ளலாம், அது தள்ளாது. இன்று இரவு தம்பியிடம் அந்தத் தேதியைக் கேட்டுவிடுங்கள்.